உண்ட வீட்டை எள்ளலாமா?

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். செய்ந்நன்றி மறத்தலை உய்வில்லாக் குற்றமாக எண்ணியது தமிழ் மரபு. மனிதருக்கு நன்றி பாராட்டாதவன் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவனே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இவ்விரண்டும் சேர்ந்து நம் உள்ளத்தில் ஆழமாக வேரூன்றியிருப்பதால், ஒரு கேள்வியைக் கேட்கவே நாம் தயங்குகிறோம். சோறிட்ட கையே அநீதி செய்யும் கையாகவும் இருந்துவிட்டால் என் செய்வது? வாய்மூடி இருப்பதா? குறையை எடுத்துச் சொல்வதா? சொல்வதென்றால், அதை ஊரார் சிரிக்கும்படிச் சொல்வதற்கு நமக்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் புதுவை ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் இருந்த ஒரு வாடகை வீட்டை நினைத்துப் பார்க்கலாம். பாரதியார் குடியிருந்த அவ்வீடு இன்று அருங்காட்சியகமாகவும் ஆய்வு மையமாகவும் விளங்குகிறது. அங்கு வருவோர் தேசியக் கவியைத் தேடி வருகின்றனர். பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் புதுவை வாழ்வில் பிறந்தவை என்று கேட்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அதே ஆண்டுகளில் அவர் ஓர் அங்கத நாவலும் எழுதினார் என்பதை அவர்களுள் சிலரே அறிவர். அதன் பெயர் 'சின்னச் சங்கரன் கதை'. உண்ட வீட்டைப் பார்த்துச் சிரித்த நூல் அது.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் பிறந்த சுப்பிரமணியன் அந்தச் சமஸ்தானத்தின் நிழலிலேயே வளர்ந்தவர். தந்தை சின்னசாமி ஐயர் அரண்மனையை அண்டி வாழ்ந்தவர். கணிதமும் இயந்திரமும் அறிந்தவர். பஞ்சாலை ஒன்றை எழுப்பி, அதில் பொருளை இழந்து, மனமுடைந்து 1898-ல் மறைந்தார். சிறுவனுக்குப் 'பாரதி' என்ற பட்டம் கிடைத்ததும் அதே ஊரின் புலவர் அவையில்தான். காசிக்குச் சென்று கற்றுத் திரும்பிய பின்னர், 1902 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் அரண்மனையிலேயே ஊழியம் பார்த்தார். 1904-ல் அதை விட்டு நீங்கி மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். பிறகு சென்னைக்குப் போய்ப் பத்திரிகைத் தொழிலில் புகுந்தார். 'இந்தியா' இதழின் மீது ஆங்கில அரசு வழக்குத் தொடுத்தபோது, 1908-ல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்கு வந்து சேர்ந்தார். அங்கே பத்தாண்டுகள். வாசலில் ஒற்றர், உள்ளே வறுமை.

அந்த வாழ்க்கையை அவர் இருமுறை எழுதினார். ஒருமுறை செய்யுளில், துயரத்தோடு. 'கனவு' என்னும் பெயரில் 1910-ல் அவர் வெளியிட்ட சுயசரிதைப் பாடல்களில் தந்தையின் வீழ்ச்சியும் ஆங்கிலக் கல்வியின் கசப்பும் இளமைக் காதலும் வறுமையும் இடம்பெறுகின்றன. மற்றொரு முறை உரைநடையில், நகைப்போடு. அதுவே சின்னச் சங்கரன் கதை. சுப்பிரமணிய சிவா 1913-ல் தொடங்கிய 'ஞானபாநு' இதழில் அது வெளிவந்தது. முழுக் கைப்பிரதி புதுவையிலேயே காணாமற் போய்விட்டது என்று அவரோடு பழகியவர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். நமக்கு எஞ்சியிருப்பன சில அத்தியாயங்களே. தமிழ் உரைநடை அடைந்த இழப்புகளுள் இது சிறியதன்று.

கதை நிகழும் ஊர் கவுண்டனூர். அதன் ஜமீன்தார் ராமசாமிக் கவுண்டர். இப்பெயர்களை வரைபடத்தில் தேட வேண்டியதில்லை. எட்டயபுரம் என்றே கற்றோர் அனைவரும் கொண்டனர். உண்பதும் உறங்குவதும் வேடிக்கை பார்ப்பதும் முகத்துதி கேட்பதுமாகக் கழியும் ஜமீன்தாரின் நாளை நாழிகைக் கணக்காக எழுதிக் காட்டுகிறார் ஆசிரியர். ஜமீன்தாரைச் சுற்றிப் புலவர்கள் அமர்ந்திருக்கின்றனர். அவர் எது சொன்னாலும் ஆமோதிப்பதும், அவருக்கு உவப்பான சிருங்காரச் செய்யுள்களை ஓதுவதும், வாய்ப்புக் கிடைத்தபோது புதிதாகப் புனைவதும் அவர்கள் தொழில். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு நோஞ்சான் சிறுவன். பொருள் விளங்காத பருவத்திலேயே அதே வகைச் செய்யுளைக் கற்று, அதே வகைச் செய்யுளைக் கட்டி, 'கவி' என்று பெயர் வாங்கிக்கொண்டு திரிகிறான். அவனே சின்னச் சங்கரன்.

அந்தச் சிறுவன் யாரென்று சொல்லவும் வேண்டுமோ? எழுதிய கை அவனுடையதே.

இங்கேதான் நம் கேள்வியின் முடிச்சு அவிழத் தொடங்குகிறது. எட்டயபுரத்து உப்பைத் தின்றவர், எல்லை கடந்து பிரெஞ்சு மண்ணில் பத்திரமாக அமர்ந்துகொண்டு, பழைய எசமானரை ஏளனம் செய்தார் என்று ஒருவர் குற்றம் சாட்டலாம். அந்தக் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிடவும் கூடாது. பரிகாசம் என்பது நம் மார்க்கத்தில் சிறிய செயலாகக் கருதப்படுவதன்று. ஒரு சாரார் மறு சாராரை எள்ளுவதையும், பட்டப்பெயர் இட்டு அழைப்பதையும், புறம்பேசுவதையும் திருமறையின் 49-ஆம் அத்தியாயம் அடுத்தடுத்து விலக்குகிறது. புறம்பேசுவதற்கு அங்கே கூறப்படும் உவமையைக் கேட்டவர் எவரும் மறந்திருக்க முடியாது. ஆனால் அதே திருமறையின் நான்காம் அத்தியாயத்தில், நீதிக்குச் சாட்சி சொல்ல நேரும்போது தனக்கோ தன் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. செல்வன் என்பதால் ஒருவனுக்குச் சலுகை காட்டுவதும் அங்கே தடுக்கப்படுகிறது.

ஒரு கட்டளை நாவை அடக்குகிறது; மற்றொன்று நாவை ஏவுகிறது. இரண்டுக்கும் நடுவே மனிதன் எப்படி நடப்பது என்பதை மார்க்க மேதைகள் ஆராயாமல் விட்டுவிடவில்லை. பிறர் குறையைச் சொல்வது குற்றமாகாத இடங்கள் ஆறு என வகுத்தார் இமாம் நவவி (ரஹ்). அநீதிக்கு ஆளானவன் முறையிடுவது அவற்றுள் ஒன்று. ஒரு தீங்கிலிருந்து மற்றவர்களை எச்சரிப்பது இன்னொன்று. நாவலாசிரியரைப் பற்றி அவர் பேசவில்லைதான். எனினும் அந்த அளவுகோலை வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. சின்னச் சங்கரன் கதையில் முறையீடும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. நல்ல மூளை படைத்த ஒரு பிள்ளையை, அவன் பிள்ளைமை தீரும் முன்பே, முகத்துதிக்காரனாக்கிவிடும் ஓர் ஏற்பாட்டின் மீது வைக்கப்பட்ட முறையீடு அது. அத்தகைய அவைகள் நாடெங்கும் இருந்தன. எட்டயபுரம் அவற்றுள் ஒன்று.

மேலும், கையில் கோல் எடுத்தவர் முதல் அடியைத் தம் முதுகிலேயே போட்டுக்கொண்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். தலைப்பிலேயே தம்மை நிறுத்தினார். ஜமீன்தாரைப் பற்றிய கதை என்று அவர் பெயர் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. தமக்குப் பட்டமும் புகழும் தந்த அந்த இளமைப் புலமையை நினைத்துப் பெருமைப்படவும் அவருக்குக் காரணம் இருந்தது. பெரும்பாலோர் அப்படித்தான் செய்வர். சுயசரிதை எழுதும் பெரியோர் பலரும் தாம் சிறு வயதிலேயே மேதையாக விளங்கியதை எழுதாமல் விட்டதை நான் கண்டதில்லை. பாரதியாரோ அந்த மேதைமையை ஒரு நோய் போல வருணித்தார். இவ்விதம் தன்னையும் கூண்டில் நிறுத்தும் நகைப்பை நன்றிகேடு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. உப்பிட்டவனுக்கு நாம் பட்ட கடன் உழைப்பும் விசுவாசமும் ஆகும். நம் அறிவின் கண்களையும் சேர்த்து அவனிடம் அடகு வைப்பதாக எந்த ஒப்பந்தமும் இல்லை.

ஆயினும் அந்நூலில் எனக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. ஜமீன்தாரின் பருத்த உடலையும் கருநிறத்தையும் வைத்து எழுப்பிய சிரிப்பு மலிவானது. உடலும் நிறமும் இறைவன் அளித்தவை. அவற்றில் ஒருவனுடைய குற்றம் என்ன இருக்கிறது? அவன் நாளெல்லாம் முகத்துதியில் குளித்தது அவன் குற்றம், அதைச் சிரிக்கலாம். வயிறு பெருத்தது குற்றமாகாது. பெரிய கவி என்பதற்காக இந்த வேறுபாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் எழும் கேலிகளில் முக்கால் பங்கு இந்த இனத்தைச் சேர்ந்தவையே என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் கஞ்சத்தனத்தை விட்டுவிட்டு அவன் வழுக்கையைப் பிடித்துக்கொள்கிறோம்!

கஞ்சத்தனம் என்றதும் பஸரா நகரத்து அல் ஜாஹிஸ் நினைவுக்கு வருகிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த அரபுப் பேரறிஞர் கஞ்சர்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். அதில் வருவோர் குராசானியர் மட்டும் அல்லர். அவருடைய சொந்த நகரத்தில், பள்ளிவாசலில் கூடி அமர்ந்து சிக்கனத்தின் நுட்பங்களை ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்ளும் பெரியவர்களும் வருகிறார்கள். தன் ஊர்ப் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க அவர் தயங்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முஸ்லிம் உலகம் அந்நூலைப் படித்துச் சிரித்து வருகிறது. நம் மரபில் நகைச்சுவைக்கு இடமில்லை என்று சொல்வோர் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இனி, பிறர் வீட்டைப் பற்றி எழுதுவது. தன் வீட்டில் நுழையும் துணிச்சலோடு அடுத்த வீட்டில் நுழையலாமா? இதற்கும் பாரதியாரிடமே ஒரு சான்று உண்டு. முஸ்லிம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய சான்று. புதுவையை விட்டுச் சென்ற பின், 1920-ல், அவர் 'ரயில்வே ஸ்தானம்' என்றொரு சிறுகதை எழுதினார். தென்காசி ரயில் நிலையத்தில் ஒரு முஸ்லிம் இளைஞர். செல்வக் குடும்பத்துப் பிள்ளை. மூன்று மனைவியரை மணந்து அல்லற்படுபவர். அம்மூவரும் உடன்பிறந்த சகோதரிகள் என்று கதையில் எழுதிவிட்டார் ஆசிரியர். அக்காளும் தங்கையும் ஒரே காலத்தில் ஒருவனுக்கு மனைவியராக இருப்பது நம் மார்க்கத்தில் ஆகாத செயல் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். முஸ்லிம் நண்பர்கள் அவரைச் சந்தித்தபோது இதை எடுத்துச் சொன்னார்கள். அவர் வாதாடவில்லை, கதைக்கு அந்த உரிமை உண்டு, இந்த உரிமை உண்டு என்று தத்துவமும் பேசவில்லை. அந்தச் செய்தி தமக்குத் தெரியாமற் போயிற்று என்று ஒப்புக்கொண்டு, அம்மூவரையும் உடன்பிறந்தோராகக் கொள்ளாமல் சிற்றப்பன் பெரியப்பன் வழிச் சகோதரிகளாகக் கொள்ளும்படி வாசகர்களுக்குக் குறிப்பும் எழுதிச் சேர்த்தார். அதே ஆண்டில் கடையத்தை அடுத்த பொட்டல்புதூரில் இஸ்லாம் மார்க்கத்தின் மகிமை குறித்து அவர் சொற்பொழிவாற்றியதும் இந்தச் சூழலில் நடந்ததே.

கவுண்டனூர் ஜமீன்தாரிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. முஸ்லிம் நண்பர்கள் சொன்னதும் திருத்திக்கொண்டார். இவ்விரண்டுக்கும் முரண்பாடு உண்டா? எனக்குத் தோன்றவில்லை. முன்னதில் எழுதிய செய்தியை அவர் உள்ளே இருந்து கண்டவர். பின்னதில் வெளியே நின்று எட்டிப் பார்த்தவர். எட்டிப் பார்ப்பவனுக்கு, உள்ளே இருப்பவன் சொல்வதைக் கேட்கும் கடமை ஒன்று கூடுதலாக உண்டு.

இதுவரை சொன்னதில் தனி மனிதரின் நன்றிக் கடனே பேசப்பட்டது. நம்மை அதைவிட நெருக்கமாகத் தொடும் கேள்வி வேறு. ஒருவன் தன் சமுதாயத்தின் உப்பையும் தின்று வளர்கிறான். அந்தச் சமுதாயம் எண்ணிக்கையில் சிறியது. அக்கம் பக்கத்தில் அதன் மீது நல்லெண்ணம் இல்லாதவரும் உண்டு. அப்போது அதன் குறைகளை அவன் கதையாக்கினால், பிறர் கைக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா? இக்கேள்வியைக் கேட்கும் பெரியவர்களைப் பிற்போக்கர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அவர்கள் அனுபவத்திலிருந்து பேசுகிறார்கள்.

பிரிட்டனின் மேற்கே வேல்சு என்றொரு சிறு நாடு. ஆங்கிலத்தின் பக்கத்திலேயே இருந்துகொண்டு தன் மொழியைக் காக்கப் போராடி வரும் மக்கள் அங்கே வாழ்கின்றனர். அம்மொழியின் முதல் பெரும் நாவலாசிரியர் டேனியல் ஓவன், 1836-ல் மோல்டு என்னும் சிற்றூரில் பிறந்த ஏழை. கைக்குழந்தையாக இருந்தபோதே, 1837-ல், நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து தந்தையும் இரு அண்ணன்மாரும் மாண்டனர். பையன் தையற்காரனிடம் தொழில் கற்றான். மத போதகராகப் பயிற்சி பெறச் சென்று பாதியில் ஊர் திரும்பினான். வாழ்நாளெல்லாம் தையற்கடையே வாழ்வானது. அந்தக் கடையில் துணி வெட்டிக்கொண்டு கேட்ட பேச்சுகளிலிருந்தே தம் நாவல்களின் மாந்தரைப் படைத்தார். பக்தியை மேலங்கியாக அணிந்தவர்களையும், இல்லாத ஈயத்தை இருப்பதாகச் சொல்லிச் சுரங்கப் பங்குகளை விற்கும் கனவான்களையும் அவர் எழுதியது போல அம்மொழியில் அதற்கு முன் எவரும் எழுதியதில்லை. 1885-ல் நூலான 'ரீஸ் லூயிஸ்', 1891-ல் வந்த 'ஈனோக் ஹூஸ்' இரண்டும் அவர் புகழை நிறுத்தியவை.

நமக்கு இதில் பாடமாக இருக்கும் செய்தி வேறு. ரீஸ் லூயிஸ் முதலில் தொடராக வெளிவந்தது அவருடைய திருச்சபை நடத்திய மாத இதழில்! சபை மக்களின் போலித்தனத்தைக் காட்டும் கதையை அந்தச் சபையே அச்சிட்டு, தன் குடும்பங்களுக்கு மாதந்தோறும் அனுப்பியது. வேல்சு மொழி அறியாத அயலார் அதைப் படித்திருக்க முடியாது. அது வீட்டுக்குள் நடந்த பேச்சு. வீட்டுக்குள் பேசிக்கொள்ள ஒரு மொழியும் ஓர் இதழும் இருக்கும் வரையில், குறையைப் பேசுவது காட்டிக்கொடுத்தல் ஆகாது.

தமிழ் முஸ்லிம்களிடையே அவ்விதம் நடந்ததில்லை என்று எண்ண வேண்டாம். தேங்காய்ப்பட்டணத்தில் 1944-ல் பிறந்து வணிகம் செய்து வாழ்ந்த தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எழுதியபோது அதைத் தொடராக வெளியிட்டது 'முஸ்லிம் முரசு' மாத இதழ். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் ஆணவமும், தங்ஙள் என்று வந்து சேர்ந்தவரின் போலி மகத்துவமும், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் போய்விடும் என்ற கூச்சலும் நம் வீட்டு முற்றத்திலேயே வாசிக்கப்பட்டன. கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். 1988-ல் அது நூலாயிற்று. 1997-ல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019-ல் அவர் மறையும்போது தமிழுலகம் அவரைத் தன் முதல் வரிசை நாவலாசிரியருள் ஒருவராகப் போற்றியது. அந்தக் கதையைப் படித்தவர் எவரும் கடலோர முஸ்லிம்களை வெறுக்கக் கற்றதாக நான் அறியேன். மீன் வாடையும் அத்தர் மணமும் கலந்த அந்த ஊரை நேசிக்கவே அவர்கள் கற்றார்கள். முதலாளியின் வீழ்ச்சியிலும் ஒரு சோகம் இருப்பதை மீரான் காணத் தவறவில்லை. வெளியிலிருந்து ஏசுபவனுக்கு அந்தக் கண் வாய்ப்பதில்லை. வசைக்கும் அங்கதத்துக்கும் உள்ள தூரத்தை இதைக் கொண்டே நான் அளக்கிறேன்.

மீண்டும் பாரதியாருக்கு வருவோம். அவர் கதையில் ஒரு பகுதி மிச்சம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால், உண்ட வீட்டை எள்ளியவருக்கு அதன் பின் எந்தச் சிக்கலும் நேரவில்லை என்று வாசகர்கள் எண்ணிவிடக்கூடும்.

1918 நவம்பரில் அவர் புதுவையை விட்டுப் புறப்பட்டார். எல்லை தாண்டியதும் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் சில வாரங்கள் இருந்தார். பின்னர் மனைவியின் ஊரான கடையத்தில் தங்கினார். கையில் பொருளில்லை, நூல்களை அச்சிட வழியில்லை. 1919-ல் அவர் உதவி கேட்டு எழுதியது யாருக்குத் தெரியுமா? எட்டயபுரம் அரண்மனைக்கு. பழைய புலவர் முறைப்படியே சீட்டுக்கவி எழுதினார். கவுண்டனூர் அவையில் முகத்துதிப் புலவர்கள் பாடியதும் செய்யுளே, இதுவும் செய்யுளே. ஆனால் குனிந்து எழுதவில்லை. தமிழுக்குப் புதுநெறி கண்ட கவியரசன் வந்திருக்கிறேன், அரசனுக்குரிய முறையில் என் பாட்டைக் கேட்டுச் சால்வையும் பொற்பையும் பல்லக்கும் தந்து சிறப்பிக்கக் கடவாய் என்ற தோரணையில் எழுதினார். கேட்டது கிடைக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் மற்றொரு கடிதம். எட்டயபுர அரச மரபின் வரலாற்றைக் கூறும் 'வம்சமணி தீபிகை' என்னும் நூல் 1879-ல் அச்சாகியிருந்தது. அதன் நடையில் பிழைகள் மலிந்திருப்பதைச் சுட்டி, நல்ல தமிழில் அதைத் திருத்தி எழுதித் தரத் தாம் ஆயத்தமாக இருப்பதாக அந்த அரண்மனைக்கே தெரிவித்தார். எந்த வமிசத்தின் அவையைச் சின்னச் சங்கரன் கதையில் நகைத்தாரோ, அந்த வமிசத்தின் புகழ் நூலைச் செப்பனிடத் தாமே முன்வந்தார். இதை வறுமையின் நிர்ப்பந்தம் என்று சிலர் சொல்வர். பிறந்த மண்ணின் மீது பாசம் என்று வேறு சிலர் சொல்வர். பழைய நகைப்புக்குக் கழுவாய் என்று சொல்வோரும் இருக்கலாம். ஆனால் அக்கடிதத்தில் கழுவாய் தேடுபவனின் குரலை நான் காணவில்லை. பிழை மலிந்த தமிழைப் பார்த்து முகம் சுளிக்கும் ஒருவனின் குரலே அதில் கேட்கிறது.

அரண்மனை அந்தப் பணியை அவருக்கு அளிக்கவில்லை. 1921 செப்டம்பரில் சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் காலமானார்.